அஞ்சு வாட்ல டோன் எங்க இருக்கு?

போன தடவை தேய்மானம் பத்தி எழுதி எல்லாரையும் தூங்க வெச்சேன். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமான விஷயம். கிடார் ஆம்ப். அதுலயும் சின்ன சைஸ் வால்வு ஆம்ப்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். சின்ன வால்வு ஆம்ப்களை ஒப்பிடும்போது 'ஃபெண்டர் டோன்', 'வாக்ஸ் டோன்', 'மார்ஷல் டோன்'னு பேர்ப்பலகையை வெச்சு சண்டை போடறது வீண். காதுக்குக் கேக்கற வித்தியாசத்துல பெரும்பங்கு ஸ்பீக்கர்லயும், எவ்வளவு சத்தமா வெச்சு வாசிச்சோம்ங்கறதுலயும் இருக்கு. அடுத்தது சர்க்யூட். பேர்ப்பலகைக்குக் கடைசி இடம்தான்.

இதை இப்ப எழுதக் காரணம் இருக்கு. நாங்க நாலு பேர் தலைக்கு அஞ்சாயிரம் போட்டு ஒரு வால்வு ஆம்ப் செகண்ட்ஹேண்ட்ல வாங்கப் போறோம். ட்யூஷன் எடுத்தும் கல்யாண வரவேற்புல வாசிச்சும் சேர்த்த காசு. மூணு மாசமா எந்த பிராண்டுன்னே முடிவாகல. இருபதாயிரம் ரூபாயை நெட்ல யாரோ எழுதின 'வெண்ணெய் மாதிரி டோன்' என்ற வரியை நம்பி போடலாமா? பி.காம். படிக்கிறவன் போடக்கூடாது. அவ்வளவுதான்.

வால்வு என்ன பண்ணுது?

கிடார் பக்கமே வராத வகுப்புத் தோழர்களுக்காக ரெண்டு வரி. உங்க தாத்தா வீட்டுல மரப்பெட்டி வால்வு ரேடியோ இருந்திருந்தா, போட்டு அரை நிமிஷம் கழிச்சுதான் பாட்டு வரும்னு சொல்லியிருப்பார். அந்தக் கண்ணாடிக் குழல்தான் வால்வு. உள்ளே சின்ன கம்பி சூடாகணும், அப்பதான் எலக்ட்ரான் ஓடும். ட்ரான்சிஸ்டர் வந்ததும் ரேடியோ, டிவி எல்லாம் வால்வை விட்டுட்டாங்க. கிடார்காரங்க மட்டும் விடல.

நம்ம நாட்டுலயும் இது தயாராச்சுங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961ல ரேடியோவுக்கான வால்வு செய்ய ஆரம்பிச்சது. ராணுவத்துக்கு ரேடார் செய்யற அதே கம்பெனிதான். அங்க செஞ்ச இஎல்84 வால்வு பழைய ஸ்டாக்கா இன்னமும் கை மாறிக்கிட்டிருக்கு. வெளிநாட்டு கிடார்காரங்களும் தேடி வாங்கறாங்க.

கிடார்காரங்க ஏன் விடலைன்னா, வால்வு தன்னோட எல்லையைத் தாண்டும்போது ஒலியை டக்குனு வெட்டாம மெதுவா அமுக்கும். அப்படி அமுக்கும்போது புது ஸ்வரங்கள் சேரும். கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவங்களுக்கு இது சுலபமா புரியும். நீங்க ஸட்ஜம் வாசிச்சா, ரெண்டாவது ஹார்மோனிக் மேல் ஸட்ஜம். மூணாவது அதுக்கும் மேல இருக்கிற பஞ்சமம். அஞ்சாவது இன்னொரு ஸ்தாயி தள்ளி அந்தர காந்தாரம். இதுல எது எவ்வளவு சேருதுங்கறதைத்தான் கிடார்காரங்க 'டோன்'ங்கற ஒரே வார்த்தையில அடைக்கிறாங்க.

ஒரே ஒரு பவர் வால்வு இருக்கிற சின்ன ஆம்ப்ல ரெண்டாவது ஹார்மோனிக் தாராளமா வரும். ரெண்டு பவர் வால்வை எதிரும் புதிருமா இழுக்க விடற சர்க்யூட்ல, அந்த ஸ்டேஜ்ல உண்டாகிற இரட்டைப்படை ஹார்மோனிக் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். அதனால மூணாவதுக்கு எடுப்பு அதிகம். 'இது இனிப்பா இருக்கு, அது கடிக்குது'ன்னு நாம சொல்றதுல ஒரு பகுதி இதுதான்.

அஞ்சு வாட் சின்னதா?

இல்லவே இல்லை. இந்தக் கணக்கைப் போடாம யாரும் வால்வு ஆம்ப் பக்கம் போகாதீங்க.

வாட் பத்து மடங்கு ஏறினாதான் காதுக்கு சத்தம் சுமாரா ரெண்டு மடங்கு. அதாவது 50 வாட் ஆம்ப்போட சத்தத்துல பாதி, அதே ஸ்பீக்கர்ல 5 வாட் கொடுத்துடும். வாட்டை ரெட்டிப்பாக்கினா கிடைக்கிறது வெறும் 3 டெசிபல். எகனாமிக்ஸ்ல குறைந்து செல் விளைவு விதின்னு மனப்பாடம் பண்ணினோமே, அது இங்க அப்படியே நடக்குது :)

இப்ப ஸ்பீக்கருக்கு வருவோம். ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல 97 டெசிபல் தர்ற பன்னிரண்டு இன்ச் கிடார் ஸ்பீக்கர் சாதாரணமா கிடைக்குது. அதுக்கு 5 வாட் கொடுத்தா 104. கால் வாட்டுக்குக் குறைச்சாலும் 91. நம்ம நாட்டு ஒலி மாசு விதிகள், 2000ன் படி குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. தல்லாகுளத்துல சுவரோட சுவர் ஒட்டின வீடுகள்ல 'சின்ன ஆம்ப்தானே'ன்னு முழுசா திறந்தா, பக்கத்து வீட்டு அத்தை கதவைத் தட்ட ஒரு பாட்டு முடிய வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழா எதிர்சேவை நாள் மட்டும் விதிவிலக்கு. அன்னைக்கு நூறு வாட் போட்டாலும் நமக்கே கேக்காது.

வால்வு ஆம்ப் வாங்கற காரணமே பவர் வால்வை அதோட எல்லைக்குத் தள்ளி வாசிக்கிறது. அந்த எல்லை எந்த சத்தத்துல வருதுங்கறதுதான் முதல் கேள்வி. மாடல் பேர் எல்லாம் அதுக்கு அப்புறம்.

ரெண்டு குடும்பம்

சின்ன வால்வு ஆம்ப் உலகத்துல முக்கியமா ரெண்டு குடும்பம்.

ஒண்ணு 6வி6 குடும்பம். இதோட மூத்த பிள்ளை ஃபெண்டர் சேம்ப். 1940களோட கடைசியில ஆரம்பிச்சு 1982 வரைக்கும் பல வடிவத்துல வந்தது. 1950களோட பின்பாதியில வந்த 5எஃப்1 சர்க்யூட்தான் பேர் போனது. ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ஒரு ரெக்டிஃபையர் வால்வு, எட்டு இன்ச் ஸ்பீக்கர், ஒரே ஒரு வால்யூம் திருகு. ட்ரெபிள், பாஸ் எதுவும் கிடையாது. கிடார் கத்துக்கிற பசங்களுக்காக மலிவு விலையில போட்ட பெட்டி இது. ஆனா 1970ல டெரெக் அண்ட் தி டோமினோஸ் 'லைலா' ஆல்பத்துக்கு எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் இந்த சின்னப் பெட்டிகளைத்தான் வெச்சு வாசிச்சாங்க. 1969ல வந்த லெட் ஸெப்ளின் முதல் ஆல்பத்துல ஜிம்மி பேஜ் வாசிச்சதும் சூப்ரோ என்ற ஒரு சின்ன ஆம்ப்தான். ரெக்கார்ட்ல கேக்கும்போது மலை மாதிரி இருக்கும்.

ரெண்டாவது இஎல்84 குடும்பம். பிரிட்டன் பக்கம். வாக்ஸ் ஏசி15ல ரெண்டு, பீட்டில்ஸ் பயன்படுத்தின ஏசி30ல நாலு, குட்டி ஏசி4ல ஒண்ணே ஒண்ணு. நம்ம பட்ஜெட்டுக்கு செகண்ட்ஹேண்ட்ல வர்ற எபிஃபோன் வால்வ் ஜூனியர், வாக்ஸ் ஏசி4டிவி, மார்ஷல் கிளாஸ் 5 மூணுலயும் இருக்கிறது ஒத்தை இஎல்84தான். பேர்ப்பலகை மூணு, பவர் வால்வு ஒண்ணு. மூணுமே இப்ப உற்பத்தியில இல்லை.

ரெண்டு குடும்பத்துக்கும் நிஜமான வித்தியாசம் என்ன? 6வி6ஐ முழு சக்திக்குத் தள்ள அதிக சிக்னல் வேணும். டேட்டாஷீட்ல 250 வோல்ட்டுக்கு 6வி6 க்ரிட் பயஸ் மைனஸ் 12.5 வோல்ட், இஎல்84க்கு மைனஸ் 7.3. அதாவது அதே கிடார், அதே முன்ஸ்டேஜ் வெச்சா இஎல்84 சீக்கிரமே கரகரக்க ஆரம்பிச்சுடும். அடுத்தது, சேம்ப் சர்க்யூட்ல ஸ்பீக்கர்ல இருந்து ஒரு பகுதி சிக்னலைத் திருப்பி உள்ளே கொடுத்து ஒலியைச் சுத்தப்படுத்துவாங்க. வாக்ஸ் ஏசி15, ஏசி30ல அது கிடையாது. திருப்பிக் கொடுத்தா ஒலி கொஞ்ச நேரம் கட்டுக்கோப்பா இருந்துட்டு அப்புறம் சட்டுனு உடையும். இல்லாட்டி ஆரம்பத்துல இருந்தே மெல்ல மெல்ல உடைஞ்சுக்கிட்டே வரும். வாக்ஸ்ல கேக்கற அந்த 'கலகல'வுக்கு வால்வோட சேர்ந்து இதுவும் காரணம்.

ஆக, வித்தியாசம் இல்லைன்னு நான் சொல்லல. அந்த வித்தியாசம் சர்க்யூட்டைப் பார்த்தா புரியற விஷயம், பிராண்டோட ரத்தத்துல ஓடற மகிமை இல்லைன்னுதான் சொல்றேன்.

பெரிய குற்றவாளி ஸ்பீக்கர்

ஃபெண்டர் 2007 வாக்குல சேம்பியன் 600ன்னு ஒரு குட்டி ஆம்ப் மறுபடியும் விட்டாங்க. 6வி6, அஞ்சு வாட், ஆறு இன்ச் ஸ்பீக்கர். கேட்டா டிபன் பாக்ஸுக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கும். அதே பெட்டியோட ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டி, ஓம் கணக்குப் பொருந்தற பன்னிரண்டு இன்ச் கேபினெட்டுக்கு மாத்துங்க. ஆம்ப் மாறிப்போச்சோன்னு சந்தேகம் வரும். அடி ஒலி வரும், மூக்கால பாடறது போகும், சத்தமும் ஏறும். உள்ளே ஒரு வால்வு கூட மாத்தல!

காரணம் எளிது. கிடார் ஸ்பீக்கர் ஹைஃபை ஸ்பீக்கர் மாதிரி நேர்மையானது இல்லை. சுமாரா அஞ்சாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல அதுல சத்தம் செங்குத்தா இறங்கிடும். வால்வு உண்டாக்கற கரகரப்புல எது வெளிய வரணும்னு முடிவு பண்ற வாட்ச்மேன் அவர்தான். எட்டு இன்ச்சை பன்னிரண்டு இன்ச்சோட ஒப்பிட்டுட்டு 'ஃபெண்டரை விட மார்ஷல் கனமா இருக்கு'ன்னா, அது மார்ஷலைப் பத்தின தீர்ப்பே இல்லை. சைக்கிளையும் பைக்கையும் ஓட்டிப் பார்த்துட்டு டயர் கம்பெனிக்கு மார்க் போடற கதை.

எப்படித்தான் ஒப்பிடறது?

நான் பின்பற்றச் சொல்றது நாலே விதி.

1. ஒரே ஸ்பீக்கர். ரெண்டு ஆம்ப்பையும் மாத்தி மாத்தி ஒரே கேபினெட்ல போடுங்க. மாத்தும்போது பவரை அணைச்சுட்டு மாத்துங்க. ஸ்பீக்கர் இல்லாம வால்வு ஆம்ப்பை ஓட விட்டா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும்.

2. ஒரே சத்தம். இதுதான் ரொம்ப முக்கியம். மனுஷக் காதுக்கு சத்தம் கூடும்போது அடி ஒலியும் உச்ச ஒலியும் தனியா எடுத்துக் கொடுத்த மாதிரி கேக்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லயே இதை அளந்து வரைபடமா போட்டுட்டாங்க. ஆகவே ரெண்டு டெசிபல் கூட இருக்கிற ஆம்ப் எப்பவும் 'நல்ல டோன்' பரிசை வாங்கிட்டுப் போயிடும். போன்ல டெசிபல் மீட்டர் ஆப் இருக்கு. துல்லியம் இல்லாட்டியும் ரெண்டு ஆம்ப்பை சமப்படுத்த அது போதும்.

3. நம்ம விரல், நம்ம பாட்டு. கடையில எல்லாரும் அதே நாலு ப்ளூஸ் துணுக்கை வாசிச்சுப் பாக்கறாங்க. நான் சொல்றது, தோடி காந்தாரத்தை வாசிச்சுப் பாருங்க. கம்பியை ஒரே தடவை மீட்டிட்டு இழுத்து அசைக்கணும். அசைவு முடியறதுக்குள்ள ஒலி செத்துப்போனா அந்த ஆம்ப் நமக்கு ஆகாது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினையும், பிரசன்னா எலக்ட்ரிக் கிடாரையும் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்த ஊர்ல இருந்துக்கிட்டு, டெக்ஸஸ்காரர் மாதிரி வாசிச்சுத்தான் ஆம்ப் பாக்கணுமா? வால்வோட அமுக்கம் கமகத்தோட வாலைத் தூக்கிக் கொடுக்குதான்னு பாக்கறது நமக்கு இன்னும் உபயோகமான சோதனை.

அடுத்து ஸ-ப ரெண்டையும் சேர்த்து அடிங்க. கரகரப்புலயும் தெளிவா நிக்கும். இப்ப நடுவுல காந்தாரம் சேர்த்து முழு மேஜர் கார்டா அடிங்க. கலங்குதா? எவ்வளவு கலங்குது? சினிமாப் பாட்டுக்கு கார்டு பிடிக்கிறவங்களுக்கு உயிர் நாடியே இந்த இடம்தான்.

4. கிடார் வால்யூமைப் பாதிக்குக் குறைங்க. நல்ல சின்ன வால்வு ஆம்ப் இதுக்கு உடனே பதில் சொல்லும். கரகரப்பு விலகி சுத்தமாகும். இதுக்குப் பதில் வெறும் சத்தம் மட்டும் குறைஞ்சு மந்தமாச்சுன்னா, விலை என்னவா இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

யூடியூப்ல கேட்டு முடிவு பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க நீங்க கேக்கறது ஆம்ப் மட்டும் இல்லை. மைக், மைக் வெச்ச இடம், அந்த ரூம், எடிட்டிங், கடைசியா உங்க இயர்போன். இத்தனை பேர் கை வெச்ச சாம்பார்ல புளி எங்க வாங்கினதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

நம்ம ஊர்க் கணக்கு

அமெரிக்காவுல இருந்து மாமா கொண்டு வர்ற 120 வோல்ட் ஆம்ப்பை நேரா நம்ம 230ல சொருகினா புகைதான் வரும். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும். அவங்க 60 ஹெர்ட்ஸ், நம்மது 50. அவங்க ஊருக்கு மட்டும்னு செஞ்ச ட்ரான்ஸ்ஃபார்மர் இங்க கூடுதலா சூடாகும், அதுவும் மதுரை சித்திரை வெயில்ல.

வால்வு தேயும், மாத்தணும். இன்னைக்கு கிடாருக்கான வால்வு பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா மூணு நாட்டுல இருந்துதான் வருது. 2022ல போர் ஆரம்பிச்சதும் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தப் போகுதுன்னு செய்தி வந்து உலகம் பூரா விலை ஏறிச்சு. சரடோவ்ல ஒரு ஃபேக்டரி தும்மினா நம்ம பேண்டுக்கு ஜலதோஷம். வாங்கற விலையோட பராமரிப்பையும் சேர்த்துக் கணக்குப் போடணும். ஒத்தை பவர் வால்வு ஆம்ப்ல மாத்த வேண்டியது ஒண்ணே ஒண்ணுங்கறது அதோட பெரிய லாபம்.

இன்னொண்ணு, உயிர் சம்பந்தப்பட்டது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல ஓடும். ப்ளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். 'நானே பாத்துக்கறேன்'னு ஸ்க்ரூ டிரைவரோட உக்காராதீங்க. பழைய வால்வு செட் வேலை தெரிஞ்ச ரேடியோ மெக்கானிக் நம்ம ஊர்ல இன்னும் இருக்காங்க. தேடிப் பிடிங்க.

எதிர்க்கட்சிக்கும் பேச இடம் கொடுக்கணும். 2011ல கெம்பர் வந்ததுல இருந்து ஆம்ப்போட ஒலியைப் படம் பிடிச்சு டிஜிட்டல்ல தர்ற கலை எங்கேயோ போயிடுச்சு. நியூரல் ஆம்ப் மாடலர் மாதிரி இலவச சாஃப்ட்வேர் கூட, ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா வால்வா இல்லையான்னு குழப்புது. நம்ம மெல்லிசைக் குழுக்கள்ல கிடார்காரர் ப்ராஸஸரை நேரா மிக்ஸர்ல சொருகிட்டுப் போறார். கல்யாண மேடைக்கு அதுதான் சரி. ஒரே கச்சேரியில நாப்பது பாட்டு, நாப்பது சவுண்ட். அதுக்கு அஞ்சு வாட் வால்வைத் தூக்கிட்டுப் போறவர் பாவம். மேடை வருமானம்தான் குறின்னா வால்வு ஆம்ப் வாங்காதீங்க, ப்ராஸஸர் வாங்குங்க. இதை நான் நேராவே சொல்றேன்.

அப்புறம் எதுக்கு எங்களுக்கு வால்வு? ஒத்தைத் திருகு இருக்கிற ஆம்ப்ல ஒளிஞ்சுக்க இடம் இல்லை. மெதுவா மீட்டினா மெதுவா பேசும், அடிச்சா அடிக்கும். நூறு சவுண்ட் இருக்கிற பெட்டியில நான் சவுண்டைத்தான் மாத்திக்கிட்டிருக்கேன். ஒரே சவுண்ட் இருக்கிற பெட்டியில விரலை மாத்த வேண்டியிருக்கு. நாலு பேர் கை பழகறதுக்கு இருபதாயிரம் அதிகம் இல்லைன்னு நினைக்கிறேன்.

அதனால என் ஓட்டு இதுக்குத்தான்: ஒத்தை இஎல்84, வெளி ஸ்பீக்கர் சொருக ஜாக், முடிஞ்சா சத்தம் குறைக்கற ஸ்விட்ச். அந்த வசதியில ஏசி4டிவி முன்னாடி நிக்குது, 4 வாட், 1 வாட், கால் வாட்னு குறைக்கலாம். அது கிடைக்காட்டி வால்வ் ஜூனியர். மிச்சப் பணத்துல நல்ல பன்னிரண்டு இன்ச் ஸ்பீக்கர், உள்ளூர் ஆசாரிகிட்ட சொல்லி ப்ளைவுட் பெட்டி. நாளைக்கு ஆம்ப்பை வித்தாலும் ஸ்பீக்கர் பெட்டி நம்மகிட்டயே இருக்கும், டோன்ல பெரும்பங்கும் அதோடவே இருக்கும்.

6வி6 கட்சிக்காரங்க யாராவது இருந்தா வாங்க, பேசலாம். ஆனா ஒரே ஸ்பீக்கர், ஒரே சத்தம். அந்த ரெண்டுக்கும் ஒத்துக்கிட்டா மட்டும் :)

டிஸ்கி: கூட்டா ஆம்ப் வாங்கறவங்க யார் வீட்டுல எத்தனை நாள், வால்வு போனா யார் செலவு, ஒருத்தர் வேலை கிடைச்சு ஊரை விட்டுப் போனா பங்கு எவ்வளவுன்னு முதல்லயே எழுதி வெச்சுக்கோங்க. 1932 கூட்டாண்மைச் சட்டத்தை செமஸ்டருக்கு மட்டும்தான் படிக்கணும்னு யாரும் சொல்லலையே!